கிரிகரி கொடுத்த எண்

கன்னையாவுக்கு எண்கள் மீது இருந்த பைத்தியம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நாலு தெருவுக்குத் தெரியும். ரயிலில் ஏறினால் பெட்டியின் எண்ணைப் பார்ப்பான். இறங்குவதற்குள் அது எதெதால் வகுபடும் என்று பிரித்துப் போட்டுவிடுவான். கல்யாணமான புதிதில் தனலெட்சுமி பயந்தேபோனாள். மனுஷன் சாப்பிடும்போதும் வாய்க்குள்ளே என்னமோ முணுமுணுக்கிறாரே, ஏதாவது மந்திரமோ என்று அக்காள் வீட்டுக்குப் போய்க் கேட்டாளாம்.

கோலாலம்பூரில் ஒரு வெள்ளைக்காரரின் நில அளவைக் கம்பெனியில் அவனுக்குக் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை. தோட்டங்களுக்குப் போய்ச் சங்கிலி பிடித்து அளந்து வருகிறவர்கள் கொண்டுவரும் அளவுகளைக் கணக்காக்கி, இத்தனை ஏக்கர் என்று சொல்வது அவன் பொறுப்பு. அவனுக்குக் கையில் கணக்கு இருந்ததுபோலவே வாயில் நியாயமும் இருந்தது. சங்கிலி பிடிக்கும் ஆட்கள் எதற்கும் அவனிடம்தான் வருவார்கள். துரையின் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியாது. அவர்களுடைய தமிழ் துரைக்குப் புரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் ஒளிக்காமல் பேச ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கன்னையா.

ரப்பர் விலை விழுந்தது. புதுத் தோட்டம் போடுவோர் இல்லை, அளக்க நிலமும் இல்லை. கம்பெனி ஆட்களைக் கழிக்கத் தொடங்கியது. சங்கிலி ஆட்களுக்குத் தலைவன்போல இருந்தவர் பக்கிரிசாமி. காப்பார்ப் பக்கத்துச் சதுப்பில் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு சங்கிலியை ஒரு விரல்கடை பிசகாமல் பிடிப்பார் என்று பெயர். அவரோடு கன்னையா இரண்டு முறை துரை முன்னால் போய் நின்றான். இரண்டு முறையும் துரையின் முகம் சிவந்தது. ஆனால் ஆட்களின் வேலை போகாமல் தப்பியது.

"இனிமே எப்பக் கூப்பிட்டாலும் வர்றேண்ணே. என்னை விட்டுட்டு நீங்க துரைகிட்ட எதுக்கும் தலையாட்டாதீங்க," என்று பக்கிரிசாமியிடம் சொல்லியிருந்தான்.

கிரிகரி அதே கம்பெனியில் பெரிய கிராணி. கன்னையாவின் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளித்தான் குடியிருந்தான். கன்னையாவுக்கு அந்த வேலையை வாங்கித் தந்ததே அவன்தான். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும், கிறிஸ்துமசுக்கு அங்கிருந்து கேக் வரும். ஒருவன் வீட்டில் மற்றவன் கேட்காமலே அடுப்படி வரைக்கும் போகிற பழக்கம்.

ஒரு சாயங்காலம் கிரிகரி வந்து உட்கார்ந்து, பென்சிலை வாங்கி, ஒரு காகிதத்தில் ஒன்பது இலக்கங்களை எழுதினான். 845296679.

"என் மச்சான் மெட்ராஸ்லேருந்து எழுதியிருக்கான்யா. அங்க ஒரு காலேஜ் வாத்தியாரு இதைப் போட்டு வச்சிக்கிட்டு மண்டையை ஒடைச்சிக்கிறாராம். பிரைம் நம்பர்தான்னு ஒருத்தர் சொல்றாராம், இல்லேங்கிறாராம் இன்னொருத்தர். ஒருத்தராலயும் முடியல. எங்க ஊர்ல ஒருத்தன் இருக்கான், அவன் கண்டுபிடிப்பான்னு நான் சொல்லிட்டேன்."

ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்ணைப் பகா எண் என்பார்கள். சின்ன எண்ணாக இருந்தால் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். எண்பத்து நான்கு கோடிக்கு மேல் போகிற ஒரு எண்ணை அப்படிச் சொல்ல முடியாது. கன்னையா காகிதத்தைக் கையில் எடுத்தான். காபி ஆறிப்போனது.

கடைசி இலக்கம் ஒன்பது. ஆகவே இரண்டும் இல்லை, ஐந்தும் இல்லை. எல்லா இலக்கங்களையும் கூட்டினால் ஐம்பத்தாறு, மூன்றாலும் போகாது. மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, ஓரத்து இரண்டையும் கூட்டி நடுவிலிருப்பதைக் கழித்தால் ஆயிரத்து இருநூற்று இருபத்தெட்டு வந்தது. அதை ஏழால் வகுத்தால் மீதி மூன்று, பதினொன்றால் வகுத்தால் ஏழு, பதின்மூன்றால் வகுத்தால் ஆறு. ஒரே அடியில் மூன்று பேரும் வெளியே. இதெல்லாம் கிரிகரி வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

"லேசுப்பட்ட ஆளில்ல கிரிகரி இது," என்றான் கன்னையா, கண்ணை எடுக்காமலே.

"அதான் உன்கிட்ட கொண்டாந்தேன்," என்றான் கிரிகரி.

மறுநாள் வேறு வழியாக வந்து பார்த்தான். இருபத்தொன்பதாயிரத்து எழுபத்து நான்கை அதே எண்ணால் பெருக்கினால், இந்த எண்ணைவிட எழுநூற்றுத் தொண்ணூற்றேழுதான் அதிகம். அந்த எழுநூற்றுத் தொண்ணூற்றேழு ஒரு வர்க்கமாக இருந்திருந்தால் எண் அங்கேயே இரண்டாகப் பிளந்திருக்கும். அது வர்க்கமில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது: இந்த எண் உடைகிற எண் என்றால், அதில் ஒரு துண்டு அந்த இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சத்துக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். அதுவரைக்கும் இருக்கிற பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றாலும் போகவில்லையென்றால் இது பகா எண்.

முதலில் அந்தப் பகா எண்கள் வேண்டுமே. வீணாய்ப்போன நில வரைபடங்களின் பின்பக்கத்தில் எண்களை வரிசையாக எழுதி, இரண்டின் மடங்குகளை அடித்து, மூன்றின் மடங்குகளை அடித்து, ஐந்தின் மடங்குகளை அடித்து, இப்படியே மேலே போய், மிஞ்சி நின்றவற்றைப் பொறுக்கினான். எங்கே விட்டோம் என்று தெரிவதற்காக அவற்றுக்கு ஒன்று, இரண்டு என்று வரிசை எண்ணும் போட்டான். பிறகு வகுக்க உட்கார்ந்தான்.

வேலை விட்டு வந்து குளித்தால் நேராக மேசைதான். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் அவன். அந்தப் பக்கம் வாசல் அறை. தனலெட்சுமி நடுக்கதவைச் சாத்தி வைப்பாள், சத்தம் வராமல் இருக்க. அவனுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

வாரங்கள் மாதங்களாயின. ஒவ்வொரு வகுத்தலுக்கும் ஒரு மீதி. அந்த மீதிகள் அவனுக்கு அலுக்கவேயில்லை. இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றை, மெட்ராஸ் வாத்தியாருக்கே எட்டாத ஒன்றை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பலகை வீட்டில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம் என்கிற எண்ணமே சாப்பாடுபோல இருந்தது. நடுவில் ஒருநாள் ஆபீசில் சங்கிலி ஆட்கள் யாரையும் காணோமே என்று கேட்டான். தெலுக் பங்லிமா காராங் பக்கம் அளவு வேலைக்கு அனுப்பியிருக்கிறது, வர நாளாகும் என்றான் கிரிகரி. கன்னையா சரி என்று தலையாட்டினான். அவன் தலைக்குள் அப்போது பன்னிரண்டாயிரத்துச் சில்லறைப் பகா எண் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. பதினேழாயிரத்து முந்நூற்று எண்பத்தேழு, மீதி பத்தாயிரத்துச் சொச்சத்தைத் தந்துவிட்டு ஒதுங்கியது. அதற்கு அடுத்தது பதினேழாயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பது. வகுத்துக்கொண்டே வந்தான். கடைசியில் கழிக்க வேண்டிய எண்ணும் மேலே இருந்த எண்ணும் ஒன்றாகவே நின்றன. மீதி சுழி.

வேறு காகிதத்தில் மறுபடியும் போட்டான். சுழிதான். ஈவு நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்றுப் பதினொன்று. பக்கத்தில் வரிசை எண்ணைப் பார்த்தான்; சரியாக இரண்டாயிரமாவது பகா எண். அதுகூட வேடிக்கையாகத்தான் இருந்தது.

"லெட்சுமி! ஒடைஞ்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தான்.

தனலெட்சுமி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை உதறி நிமிர்ந்து பார்த்தாள். "முடிஞ்சு போச்சா? அதுக்குள்ளயா?" என்றாள்.

கிட்டத்தட்ட ஒரு வருஷத்து வேலையை 'அதுக்குள்ளயா' என்கிறாளே என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிரிகரி வீட்டுக்கு ஓடினான்.

கிரிகரி அப்போதுதான் மாதா கோயில் பூசை முடிந்து வந்து, கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கிரிகரி, நம்ம நம்பர் பிரைம் இல்லய்யா! பதினேழாயிரத்து முன்னூத்தி எம்பத்தொம்பதால மிச்சமில்லாமப் போகுது!"

கிரிகரி முகம் மலர்ந்தது. அதில் பொய்யில்லை, நண்பன் ஜெயித்ததில் அவனுக்கு நிஜமாகவே சந்தோஷம். கன்னையாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான். "சாதிச்சிட்டியேய்யா! எம்மாம் பெரிய மூளைய்யா உனக்கு! நாப்பத்தெட்டாயிரத்து அறநூத்திப் பதினொன்னு... ரெண்டுமே பிரைம்!"

கன்னையாவும் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே உள்ளே ஏதோ ஒன்று நின்றுபோனது.

"நான் இன்னும் அதைச் சொல்லலையே," என்றான்.

கிரிகரியின் கை தோளிலிருந்து நழுவியது. "மனசுல வகுத்துப் பார்த்தேன்யா..."

"பதினேழைப் பதிமூணால பெருக்கவே நீ பென்சில் தேடுவே. அது பிரைமான்னு நானே இன்னும் பார்க்கல. உனக்கு எப்படித் தெரியும்?"

கிரிகரி கோட்டை நாற்காலியில் போட்டான், மறுபடி எடுத்து மடித்தான்.

"பதினேழாயிரத்துச் சொச்சம் வரிசையில ரெண்டாயிரமாவது. நான் எண்ணி வச்சிருக்கேன்," என்றான் கன்னையா. அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. "இன்னொன்னு எத்தனாவது, கிரிகரி?"

தரையைப் பார்த்துக்கொண்டு கிரிகரி சொன்னான். "அஞ்சாயிரமாவது."

தானாக விளைந்த எண் இரண்டாயிரமாவதும் ஐந்தாயிரமாவதுமாக, பங்கு பிரித்த நிலம்போல, அப்படிச் சுத்தமாக உடையாது. யாரோ ஒரு அட்டவணையைத் திறந்து, விரலை வைத்து ஒன்றை எடுத்து, பக்கம் புரட்டி இன்னொன்றை எடுத்து, இரண்டையும் பெருக்கியிருக்கிறார்கள். ஆபீஸ் அலமாரியில் அப்படி ஒரு அட்டவணைப் புத்தகம் இருந்தது என்று கிரிகரியே சொன்னான். மெட்ராஸில் எந்த வாத்தியாரும் இல்லை. கன்னையா ஒரு வருஷமாகத் தேடியது நான்கு வீடு தள்ளி ஒருவனுடைய ஞாபகத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது. அவன் தினமும் காலையில் இவனைப் பார்த்து, 'எதுவரைக்கும் வந்திருக்கு?' என்று கேட்டுக்கொண்டே ரயிலடி வரைக்கும் கூடவே நடந்திருக்கிறான்.

"ஏன்?" என்றான் கன்னையா.

"துரை உன் பேரைத்தான் மொதல்ல எழுதி வச்சிருந்தாரு. கூலிங்களைத் தூண்டி விடுறவன், அனுப்பிடுன்னாரு. நான் கால்ல விழாத கொறையாக் கெஞ்சினேன். இனிமே அவன் வாயத் தொறக்க மாட்டான், நான் பொறுப்புன்னேன். உன்கிட்ட நேராச் சொன்னா கேப்பியா நீ? உனக்கு எது தெரியும்னு எனக்குத் தெரியும். அதைக் கொடுத்தேன்."

"எலிக்குப் பொறியில கருவாடு வைக்கிற மாதிரி."

"கன்னையா, அப்படிப் பேசாதே. உன் குடும்பத்தை நெனச்சுத்தான்..."

"தனலெட்சுமிக்குத் தெரியுமா?"

கிரிகரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதுவே போதுமாக இருந்தது.

அந்த நான்கு வீட்டுத் தூரத்தை எப்படி நடந்தான் என்று அவனுக்குத் தெரியாது. தனலெட்சுமி அடுப்படியிலேயே நின்றிருந்தாள். மீன் பாதி கழுவினபடி கிடந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீயுமா?" என்று மட்டும் கேட்டான்.

அவள் அழவில்லை. "எங்க அத்தானுக்கு ரயில்வேயில வேலை போனப்ப என்ன ஆச்சுன்னு பார்த்தீங்கதானே? நாலு புள்ளைங்களோட கப்பல்ல ஏத்தி விட்டோம். அக்கா மொகம் இன்னும் என் கண்ணுலயே நிக்குது. எனக்கு அந்தக் கதி வேணாம்னு இருந்துச்சு. கிரிகரி அண்ணன் வந்து சொன்னாரு, சரின்னேன்."

"வேற என்ன மறைச்சே?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "பக்கிரிசாமி அண்ணன் வந்தாரு. ஒரு வாட்டி இல்ல, மூணு வாட்டி. நாளைக்குத் துரை எங்களக் கூப்பிட்டிருக்காரு, கிராணியார் கூட வந்து நின்னாப் போதும்னு கடைசி வாட்டி வந்தப்பச் சொன்னாரு."

"நான் எங்கன்னு சொன்னே?"

"ஈப்போவுக்குப் போயிருக்கீங்கன்னு."

"நான் எங்க இருந்தேன்?"

அவள் பலகைச் சுவரைப் பார்த்தாள். கன்னையாவும் பார்த்தான். ஒரு விரல் கனம்கூட இல்லாத பலகை. அதற்கு அந்தப் பக்கம் பக்கிரிசாமி நின்று கூப்பிட்டிருக்கிறார். இந்தப் பக்கம் இவன் மீதியை எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். குரல் காதில் விழுந்துதான் இருக்கும். கேட்கவில்லை. அவர்கள் கதவை மட்டும்தான் சாத்தினார்கள். காதை அவனே சாத்திக்கொண்டான். அந்த நினைப்பு வந்ததும் அவனால் அங்கே நிற்க முடியவில்லை.

சாப்பிடாமலே கிள்ளானுக்கு ரயிலேறினான். அங்கிருந்து காப்பாருக்கு பஸ். பக்கிரிசாமியின் மனைவி மாரியாயி ஒரு தென்னந்தோட்டத்தில் வேலை செய்கிறாள் என்று தெரியும். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் விசாரித்துப் போனபோது, இடுப்பில் கைக்குழந்தையோடு அவள் தேங்காய் மட்டைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஈப்போவுலேருந்து வந்துட்டீங்களா கிராணியாரே?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

"அண்ணன் எங்கம்மா?"

"ஊருக்குப் போயிருக்காருங்க. எல்லாரும்தான் போனாங்க. நாலு மாசம் ஊர்ல இருந்துட்டு வாங்க, ரப்பர் வெலை ஏறினதும் கம்பெனியே கப்பல் அனுப்பிக் கூப்பிட்டுக்கும்னு துரை சொன்னாராமே. புள்ள பொறக்கிற நேரம், நான் இங்கேயே இருக்கேன்னுட்டேன். அது ஆச்சு அஞ்சாறு மாசம். ஒரு சேதியும் இல்ல."

"துரை சொன்னதா யாரு சொன்னது?"

"பெரிய கிராணியார்தான் பக்கத்துல நின்னு தமிழ்ல சொன்னாராம். கிரிகரி ஐயா."

கன்னையா மட்டைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டான். கம்பெனி யாரையும் திருப்பிக் கூப்பிடப் போவதில்லை என்பது ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். சங்கிலிகளையே விற்றுவிட்டார்கள்; அதைப் பார்த்தும் எண்ணில் மூழ்கிக் கிடந்த இவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை நேரம் கிரிகரி தன்னைத்தான் ஏமாற்றினான் என்று எரிந்துகொண்டிருந்தான். அது சின்ன ஏமாற்று. இவனை மேசையில் கட்டிப்போட்டதே, இவன் நிற்க வேண்டிய இடத்தில் அவன் போய் நிற்கத்தான்.

"அவரு உங்களை ஒரு வார்த்தை திட்டல," என்றாள் மாரியாயி. "கிராணியார் வந்ததும் கேப்பாரு, விட மாட்டாருன்னு சொல்லிட்டுத்தான் கப்பல் ஏறினாரு."

அவன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஈப்போ பொய் என்பதை, எண்ணை, பலகைச் சுவரை. எண் விஷயம் அவளுக்குப் புரியவில்லை. "வூட்டுலதான் இருந்தீங்களா?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். பிறகு குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "போன வாரம் இன்னும் கொஞ்சப் பேரைக் கப்பலடிக் கொட்டகையில கொண்டாந்து வச்சிருக்காங்க. வெளியூர்ல இருந்த நம்ம கம்பெனி ஆளுங்கதான். அவங்ககிட்டயும் இதேதான் சொல்லியிருப்பாங்க."

மறுநாள் கன்னையா வேலைக்குப் போகவில்லை. கோலாலம்பூரில் இந்தியத் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்கிற இந்திய ஏஜெண்டு ஆபீசுக்கு மாரியாயியையும் கூட்டிக்கொண்டு போய், கம்பெனி என்ன முடிவு செய்திருந்தது, ஆட்களுக்கு என்ன சொல்லப்பட்டது, இரண்டும் எப்படி வேறு வேறு என்று வாக்குமூலம் கொடுத்தான். அதிகாரி ஒருவர் அவனோடு போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு வந்தார். கொட்டகையில் இருந்தவர்களிடம் இந்தத் தடவை கன்னையா நின்று தமிழில் சொன்னான்: "போனா திரும்பக் கூப்பிட மாட்டாங்க. அது தெரிஞ்சு போறவங்க போங்க." சிலர் போனார்கள். பாதிப் பேருக்கு மேல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, வேறு தோட்டங்களில் கிடைத்த வேலையைப் பார்க்க வெளியே வந்தார்கள். பக்கிரிசாமி கடல் தாண்டிவிட்டார். அவருக்காக யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த வருஷம் மாரியாயியே குழந்தையோடு கப்பலேறினாள்.

கன்னையாவின் வேலை அந்த வாரமே போனது. கிள்ளானில் ஒரு கொப்பரை வியாபாரியிடம் எடை பார்க்கிற வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பிய அன்று கிரிகரி ரயிலடிக்கு வந்தான். கையில் ஒரு பழக்கூடை.

"நான் உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன் கன்னையா. மாதா சத்தியமா."

"எனக்கு நல்லதுக்குச் செஞ்சே, சரி," என்றான் கன்னையா. "பக்கிரிசாமி அண்ணன்கிட்ட நாலு மாசம்னு சொன்னியே, அது யாரு நல்லதுக்கு?"

கிரிகரியின் உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்று இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. ஏதாவது சொன்னானா என்பதும் தெரியவில்லை. கூடையை ஜன்னல் வழியாக நீட்டினான். தனலெட்சுமி புருஷன் முகத்தைப் பார்த்தாள், கையை நீட்டவில்லை. ரயில் கிளம்பியது.

கிள்ளானில் அவர்கள் குடித்தனம் நடந்தது. சண்டை இல்லை. அவன் சாப்பிட்டான், வேலைக்குப் போனான், வந்தான். அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது ராத்திரி பகல் பார்க்காமல் பக்கத்திலேயே இருந்தான். மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுவது மட்டும் நின்றுபோயிருந்தது.

மழைக்காலம் முடிந்து ஒருநாள், அரிசி புடைத்துக்கொண்டே அவள் கேட்டாள். "என்னங்க, என்மேல இன்னும் கோவமா?"

கன்னையா யோசித்தான். அவளிடமாவது பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தான்.

"கோவம் இல்ல லெட்சுமி. நீ ஏன் செஞ்சேன்னு எனக்குத் தெரியும். ஆனா இப்ப நீ ஒன்னு சொன்னா, நெசமாயிருக்குமான்னு ஒரு தரம் நெனச்சுப் பார்க்கிறேன். வாசலுக்கு யாரோ வந்தாங்கன்னு சொன்னாக்கூட. முன்னயெல்லாம் அப்படி நெனச்சதில்ல."

அவள் முறத்தை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள். பிறகு அரிசியில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்துவிட்டு, உலை வைக்க எழுந்து போனாள்.